மூன்று வளையமும் ஒரு வாலும்

‘கல்’ என்னும் சொல்லில் ஒரு துணைக்காலைச் சேர்த்தால் ‘கால்’ ஆகிவிடுகிறது. மூலக்கூறுகளின் உலகிலும் இப்படித்தான். ஓரிரண்டு அணுக்கள் மாறினால் பொருளின் குணமே மாறிவிடக்கூடும். மனச்சோர்வு நோய்க்குத் தரப்படும் இமிப்ரமின் என்ற மருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

எதிர்பாராத பயன்

1950-களில் சுவிட்சர்லாந்தின் கைகி நிறுவனம் ஜி 22355 என்று எண்ணிட்ட ஒரு பொருளைச் சோதனைக்குக் கொடுத்தது. மனச்சிதைவு நோய்க்கு அப்போது புதிதாக வந்திருந்த குளோர்ப்ரோமசினை ஒத்த அமைப்புடையது அது. ஆகவே அதே நோய்க்கு இதுவும் உதவும் என்று எண்ணினார்கள். மியூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் கொடுத்துப் பார்த்தார். பலன் இல்லை. ஆனால் 1956-ல் கடும் மனச்சோர்வுற்றவர்களுக்குக் கொடுத்தபோது பலர் தெளிவடைந்தனர். 1957-ல் இதை அவர் வெளியிட்டார். மூவளைய மனச்சோர்வு மருந்துகளில் முதலாவது இதுவே.

இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு என்ன? குளோர்ப்ரோமசினின் நடு வளையத்தில் ஒரு கந்தக அணு உண்டு. இமிப்ரமினில் அந்த இடத்தில் இரண்டு கார்பன் அணுக்கள் உள்ளன.

பெயரில் உள்ள படம்

இமிப்ரமினில் 19 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. இதன் வளையத்தொகுதிக்கு ‘டைபென்ஸசெபின்’ என்று பெயர். பிரித்துப் பாருங்கள்: ‘டைபென்ஸ்’ என்றால் இரு பென்சீன் வளையங்கள், ‘அஸ’ என்றால் நைட்ரஜன், ‘எபின்’ என்றால் ஏழணு வளையம். அந்த நைட்ரஜனிலிருந்து மூன்று கார்பன் கொண்ட வால் தொங்குகிறது. வாலின் நுனியில் ஓர் அமீன் தொகுதி. அதில் இரு மெத்தில்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ‘ப்ரமின்’ என்னும் ஈறு இக்குடும்பத்தைக் குறிக்கும். ஒரு வளையத்தில் குளோரின் சேர்ந்தால் குளோமிப்ரமின். வாலில் ஒரு மெத்தில் குறைந்தால் டெசிப்ரமின். இதை நம் கல்லீரலே இமிப்ரமினிலிருந்து ஆக்கிவிடுகிறது!

ஒரு சாவி, பல பூட்டுகள்

நரம்பு முனைகள் நோரட்ரினலின், செரட்டோனின் போன்ற தூதுப்பொருள்களை வெளியிட்டு, பிறகு திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. நோரட்ரினலின் உறிஞ்சப்படுவதை இமிப்ரமின் தடுக்கிறது என்று 1961-ல் ஜூலியஸ் ஆக்சல்ராட் குழுவினர் காட்டினர். 1970-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஆனால் மனச்சோர்வு குறையச் சில வாரங்கள் ஆகும்.

இந்தச் சாவி வேறு பூட்டுகளிலும் நுழைகிறது. அதனால் வாய் உலரும், பார்வை மங்கும், மலச்சிக்கல் வரும். அளவு மீறினால் இதயத் தசையில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அடைக்கும். மின்துடிப்பு பரவத் தாமதமாகும். இதய மின்வரைபடத்தில் அலை அகன்று தெரியும். துடிப்பின் ஒழுங்கு கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் சோடியம் பைகார்பனேட்டை இரத்தக்குழாயில் செலுத்துவார்கள். அது இரத்தத்தில் சோடியத்தையும் காரத்தன்மையையும் உயர்த்தி அடைப்பைத் தளர்த்தும்.

ஆகவே, பிறருக்கு எழுதிய மாத்திரையைத் தொடாதீர்கள். சிறுவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். யாரேனும் அளவு மீறி விழுங்கினால், அவர் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மருந்தைத் திடீரென நிறுத்துவதும் தவறு. இளம் வயதினருக்குத் தொடக்கத்தில் மனநிலை மோசமாகவும் கூடும். எனவே மருத்துவர் கூர்ந்து கவனிப்பார்.

மனச்சோர்வு சோம்பலோ கோழைத்தனமோ அல்ல, ஒரு நோய். காய்ச்சல் வந்தால் வீட்டில் சொல்கிறோம் அல்லவா? மனம் வாடி நாள்கணக்கில் தேறாவிட்டாலும் அப்படியே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.