டர்போ காருக்கு எந்த எண்ணெய்? போத்தலைப் படித்த பிறகு ஊற்றுங்கள்

கிள்ளான் – “அண்ணே, நல்ல எண்ணெயா பார்த்துப் போட்டு விடுங்க.” கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பட்டறைக்குக் காரை ஓட்டிப் போகும் நம் இளைஞர்கள் பலர் சொல்வது இவ்வளவுதான். எது நல்ல எண்ணெய் என்பதை மெக்கானிக் முடிவு செய்கிறார். சில வேளைகளில், அன்று கடையில் எது மிச்சம் இருக்கிறதோ அதுவே இயந்திரத்துக்குள் போகிறது.

சாதாரண மைவி காராக இருந்தால் பெரிய சேதம் வராமல் தப்பிவிடலாம். ஆனால் டர்போ பூட்டிய புரோட்டோன் எக்ஸ்50, கோல்ஃப் ஜிடிஐ, சிவிக் டைப் ஆர், ஜப்பானிலிருந்து வந்த ‘ரீகான்’ கார்கள் போன்றவற்றின் கதை வேறு. 9 ஆண்டுக் கடனில் வாங்கிய காரின் இயந்திரம் மூன்றாம் ஆண்டிலேயே கெட்டுப்போனாலும், மீதி ஆறு ஆண்டுக்கும் வங்கிக்குத் தவணை கட்டியே ஆக வேண்டும்.

எண்கள் சொல்வது என்ன?

போத்தலில் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-40 என்று இருப்பது எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் எஸ்.ஏ.இ. அளவு. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த நெய் உறைவதுபோல, குளிரில் எண்ணெய் தடித்துவிடும். அந்த நிலையிலும் இயந்திரம் சுழலுமா என்பதை முதல் எண் சொல்கிறது. 5டபிள்யூ எண்ணெயை இதற்காகச் சைபருக்குக் கீழே 30 பாகை செல்சியசில் சோதிப்பார்கள். விடியற்காலையிலும் 23, 24 பாகைக்கு மேல் இருக்கும் கோலாலம்பூரில் 0டபிள்யூவா, 5டபிள்யூவா என்று அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணை. இயந்திரம் சூடேறிய பிறகு எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதை அது காட்டுகிறது. இதை 100 பாகையில் அளக்கிறார்கள். 150 பாகையில், பாகங்கள் வேகமாக உராயும் நிலையிலும் ஒரு சோதனை உண்டு. அதில் 20 தர எண்ணெய் குறைந்தது 2.6, 30 தரம் 2.9 அளவைத் தாங்க வேண்டும். 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 வகைகள் 3.5 தாங்க வேண்டும். இந்த எண் கூடினால், பேரிங்குகளுக்கு இடையே நிற்கும் எண்ணெய்ப் படலமும் வலுவாக இருக்கும்.

அப்படியானால் தடித்த எண்ணெய்தான் சிறந்ததா?

இல்லை. பலர் தவறு செய்யும் இடமே இதுதான். “நம்ம ஊரு வெயிலுக்குத் தடிப்பாப் போடு” என்ற பழைய அறிவுரை எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தாது. இன்றைய இயந்திரங்களில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் கருவி, எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. 20 தரத்துக்கு வடிவமைத்த இயந்திரத்தில் 50 ஊற்றினால், குறுகிய வழிகளில் எண்ணெய் தாமதமாகப் போகும். பெட்ரோல் செலவும் கூடும். எனவே காரின் கையேடு சொல்வதே முதல் விதி. ரீகான் காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தாலும், எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். எண்ணெய் மூடியிலும் பல கார்களில் அந்த எண் அச்சாகியிருக்கும்.

தினமும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வேலைக்குப் போய்வருபவருக்குக் கையேட்டின் எண்ணே போதும். அடிக்கடி கெந்திங் மலை ஏறுபவர், செப்பாங் பந்தயத் தடத்தில் காரை விரட்டுபவர் ஆகியோருக்கு எண்ணெயின் சூடு 120 பாகையைத் தாண்டலாம். கையேடு அனுமதித்தால், அவர்கள் ஒரு படி தடித்த எண்ணெயைத் தேர்ந்தெடுக்கலாம்.

டர்போவுக்கு ஏன் தனிக் கவனம்?

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவதும் குளிரவைப்பதும் எண்ணெய்தான். தரம் குறைந்த எண்ணெய் அங்கே கருகிக் கரியாகப் படியும். மலையேறி வந்தவுடன் காரை அணைக்காமல், ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது நல்லது.

நேரடியாகப் பெட்ரோல் பீச்சும் டர்போ இயந்திரங்களில், குறைந்த சுழற்சியில் அழுத்தி மிதிக்கும்போது எரிபொருள் முன்கூட்டியே பற்றி, பிஸ்டனையே உடைக்கக்கூடும். இதைத் தடுக்கும் சோதனையில் தேறிய எண்ணெய்க்குத்தான் 2020இல் அறிமுகமான ஏபிஐ ‘எஸ்பி’ தரம் கிடைக்கும். புதிய டர்போ காருக்கு அந்தத் தரமோ அதற்குப் பின் வந்ததோ போத்தலில் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கார்களுக்கு இது மட்டும் போதாது. பிஎம்டபிள்யூ எல்எல்-01, மெர்சிடிஸ் 229.5, போர்ஷே ஏ40 என நிறுவனங்களின் சொந்த அங்கீகாரங்களும் உண்டு. ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்பதும் ‘பொருத்தமானது’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, எண்ணெய் விற்பவரின் சொல் மட்டுமே.

‘முழு சிந்தெட்டிக்’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடவும் முடியாது. கச்சா எண்ணெயை மிக நுணுக்கமாகச் சுத்திகரித்துப் பெறும் மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயும் இப்பெயரில் விற்கப்படுகிறது. அது மட்டம் என்று பொருளல்ல. நம் மலாக்காவிலேயே பெட்ரோனாஸ் அவ்வகை எண்ணெயைத் தயாரிக்கிறது. ஆனால், பெயரை விட அங்கீகார எண்ணே முக்கியம்.

போலியை எப்படித் தவிர்ப்பது?

சந்தை விலையை விட மிக மலிவாகக் கிடைக்கும் ‘அசல்’ எண்ணெய் மீது சந்தேகம் கொள்ளுங்கள். மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள்; அதில் வெட்கம் எதற்கு? எண்ணெயின் பெயரும் தரமும் எழுதிய ரசீதை வாங்கி வைத்திருங்கள். இயந்திரம் கெட்டு உத்தரவாதம் கோரும் நாளில் அதுதான் சாட்சி.

ஏமாற்றப்பட்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான இழப்பீட்டுக்கு, 5 வெள்ளிக் கட்டணத்தில் வழக்கறிஞர் இன்றியே மனு செய்யலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது ரசீதுதான்.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெயின் அளவு குறைந்தாலும் ஆபத்து. ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தாலும் ஆபத்து. உடனே பட்டறைக்குப் போங்கள். ஆனால் இம்முறை “நல்ல எண்ணெய்” என்று கேட்காமல், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.