சத்தமே போடக்கூடாத ஆட்டத்துக்கு ஒரு பாட்டு

மைதானத்துப் பாட்டுன்னா எல்லாரும் க்வீன் குழுவோட 'வீ வில் ராக் யூ' (1977) பத்தித்தான் பேசுவாங்க. ரெண்டு மிதி, ஒரு கைதட்டல். பாஷை தெரியாதவங்களும் சேர்ந்துக்கலாம். நம்ம 'விசில் போடு'வும் அதே கணக்குதான்.

ஆனா செஸ்ஸுக்கு? அங்கே இருமுறதுக்கே யோசிக்கணும். ஆரவாரத்தை எல்லாம் ஆட்டத்துக்கு முன்னாடியே முடிச்சிடணும். 2022 ஜூலை 28, சென்னை நேரு உள்விளையாட்டரங்கம், செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் 'என்ஜாய் எஞ்சாமி' பாடினாங்க. எழுதின அறிவு மேடையில் இல்லை. அதையொட்டிப் பெரிய விவாதமே நடந்தது.

சேரங்கோட்டில் அந்தப் பாட்டு வேற மாதிரி கேட்கும். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி அப்படித் திரும்பினவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே டேன்டீ தோட்டங்களைப் போட்டது. உலகத்தையே ஆட வரச்சொல்லிப் பாடினது எங்க லைன் வீட்டுக் கதையைத்தாங்க. அரங்கத்தில் எத்தனை பேருக்கு அது தெரிஞ்சிருக்கும்? தாளம் நல்லா இருந்தது, தட்டினாங்க. அந்தக் கதையைச் சொல்ல அறிவும் அங்கே இருந்திருக்கணும்கிறதுதான் என் ஆசை.