பலஜாதிக் கோழிகளை வீட்டுக் கொல்லையில் வளர்த்தல்

முத்தாண்டிக்குப்பம் முதலிய முந்திரிக்காட்டுக் கிராமங்களில் கோழி வளர்க்காத குடியானவர் வீடு அரிது. மரத்தடிச் சருகைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்று திரியும் இக்கோழிகளுக்கென எவரும் தனியே பணம் செலவழிப்பதில்லை. ஆதலால் அவற்றால் வரும் வருமானத்தையும் எவரும் கணக்கிடுவதில்லை. இப்பொழுதோ நாட்டுக்கோழியோடு அசில், கடக்நாத், நாமக்கல் கோழி எனப் பல ஜாதிகள் ஒரே கொல்லையில் மேய்வதைக் காண்கிறோம். இதில் லாபமும் உண்டு. முன்யோசனையின்றிச் செய்தால் பெருநஷ்டமும் உண்டு.

நாட்டுப்பெட்டை ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடைகாத்துப் பின் குஞ்சுகளோடு திரியும் காலமெல்லாம் முட்டை கிடையாது. வெள்ளை லெகார்ன் ஜாதியோ அடைக்கே உட்காராது. வருஷத்தில் 300 முட்டைவரை இடும். ஆனால் அத்தொகை அளந்து வைக்கும் தீனியின் பயன். மேய்ச்சலை நம்பிய கொல்லையில் அதனை எதிர்பார்ப்பது வீண். வெண்ணிறப் பறவை பருந்தின் கண்ணிலும் எளிதில் படும். ஆகவே கலப்பினக் கோழிகளின் முட்டைகளை நாட்டுப்பெட்டை அல்லது அசில் பெட்டையின் கீழ் அடைவைத்துப் பொரிப்பித்தலே உசிதமானது. அசில் முட்டையிடுவதில் பின்தங்கியதாயினும், குஞ்சைக் காப்பதில் அதற்கு இணையில்லை.

இவ்வழி புதிதன்று. 1920களிலேயே மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார், ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவரின் மேற்பார்வையில் நடத்திய கிராம புனருத்தாரண நிலையத்தில், சீமைக் கோழிகளைக் கொண்டு நாட்டினத்தை விருத்தி செய்ததுடன் முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்கவும் ஏற்பாடு செய்தனர்.

கலப்புக் கோழியின் முட்டையைப் பொரித்து, அதன் குஞ்சும் தாயைப்போலவே முட்டையிடும் என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. இரண்டாம் தலைமுறையில் குணங்கள் சிதறிப்போகும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அச்சேவலும் அதே கொல்லையில் பிறந்ததாயிராமல், வேறு ஊர்ச் சேவலாய் ஒன்றிரண்டு வருஷத்துக்கொருமுறை மாற்றப்படவேண்டும். இரண்டு அசில் சேவல்களை ஒருசேர விடுவோர்க்கு யாம் சொல்லவேண்டியது ஒன்றுமில்லை, சேவல்களே சொல்லிவிடும்.

தீனி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பூசணம் பிடித்த கடலைப்பிண்ணாக்கை, மாட்டுக்கு உதவாதென்று கோழிக்குப் போடுவார் உளர். 1960இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்ததற்குப் பூசணம் படிந்த கடலைப்பிண்ணாக்கே காரணமென்று பின்னர் தெரியவந்தது. அவ்விஷம் ஈரலைக் கெடுப்பது. வேகவைத்தாலும் முற்றும் நீங்காது. அத்தகைய பிண்ணாக்கை எருக்குழியில் இடுக.

எல்லாவற்றினும் கொடியது வெள்ளைக்கழிச்சல். 1927இல் குமாவூன் மலையிலுள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டமையால் அவ்வூர்ப் பெயரே இந்நோய்க்கு இன்றும் வழங்குகிறது. மாலையில் இறகைத் தொங்கவிட்டு நிற்கும் கோழி மறுநாள் இராது. சில நாட்களில் கூடே காலியாகும். வந்தபின் மருந்தில்லை. சந்தையில் வாங்கிய புதுக்கோழியே பெரும்பாலும் இதனைக் கொணர்கிறது. எனவே எந்த ஜாதியாயினும் புதிதாய் வருவதை இரண்டு மூன்று வாரம் தனியே அடைத்து வைத்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும். குஞ்சுக்கு ஏழாம் நாளையொட்டிக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டு வாரத்துக்குமேல் இறக்கையடியில் ஊசியும் இடுவித்தல் அவசியம்.

இங்கேதான் சங்கத்தின் உதவி வேண்டப்படுகிறது. ஒரு புட்டி மருந்து நூறு கோழிக்குமேல் காணும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் செலவிடாவிடில் வீண். பத்துக் கோழி வைத்திருக்கும் ஒருவர் தாமே வாங்கிக் கட்டாது. ஆகையால் தெருவிலுள்ள அங்கத்தினர் ஒருங்குகூடி ஒரு நாளைக் குறித்து, கால்நடை மருந்தகத்தாருக்கு முன்னதாகத் தெரிவித்து, மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொணரச் செய்யவேண்டும். முதல் நாள் மாலையே எல்லாக் கோழிகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுக. விடிந்து திறந்துவிட்டபின் முந்திரித்தோப்பில் துரத்திப் பிடிப்பது ஆகாத காரியம். அடுத்த வீட்டாரின் கோழி ஊசியின்றித் திரியுமாயின், வேலி அந்நோயைத் தடுக்காது. அவரையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்க.