இராவுத்தர்: ஒரு குதிரைச் சொல்

பழைய காணி உறுதிகளைப் புரட்டினால், கல்முனைப் பக்கத்துப் பேர்களிலே லெவ்வை, மரைக்கார், போடி என்பவற்றோடு இடைக்கிடை ‘இராவுத்தர்’ என்பதும் தலைகாட்டும். எனது மூத்தவாப்பாவின் வாப்பாவுக்கும் அந்தப் பேர்தான். “சேர், ராவுத்தர் எண்டா அறபுச் சொல்லா?” என்று சென்ற தவணை ஒரு மாணவன் கேட்டான். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

அறபு அல்ல. குதிரைவீரனுக்கு அறபில் ‘பாரிஸ்’. நமது பாடசாலைகளில் வகுப்புக்கு ஒரு பாரிஸாவது இருப்பான். இராவுத்தர் வந்த வழி வேறு. வடமொழி ‘ராஜபுத்ர’ என்பது பிராகிருதத்தில் ஜகரமும் பகரமும் தேய்ந்து ‘ராஉத்த’ ஆயிற்று. அரசகுமாரன் என்ற பொருளும் மெல்ல மெல்லக் குதிரையேறிப் போர் செய்பவன் என்றானது. மராத்தியில் ராவுத், கன்னடத்தில் ராவுத, தெலுங்கில் ராவுது. தமிழில் ரகரம் மொழிக்கு முதலில் வராதல்லவா, அதனால் முன்னே ஓர் இகரம்; மரியாதைக்குப் பின்னே ‘அர்’.

முஸ்லிம்களோடு இது ஒட்டிக்கொண்டதற்குக் குதிரை வணிகமே காரணம் என்பேன். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, பாண்டிய மன்னன் ஆண்டுக்கு 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகச் சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் விலை, குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். ஹுர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து கப்பலேறிய அந்தக் குதிரைகள் இங்கே நிலைப்பதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, போட்ட தீனியும் சரியில்லை. வருடா வருடம் செத்தன, வருடா வருடம் வாங்கினார்கள். கொண்டுவந்த வணிகரில் முஸ்லிம்களே மிகுதி. பிற்காலப் படைகளில் குதிரை ஏறியவர்களிலும் அவர்கள் பலர்.

ஆனாலும் சொல் நமக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர் முருகனையே இராவுத்தன் என்கிறார். முருகன் ஏறுவது மயில்! ஊர்தி எதுவானாலும் ஏறிவரும் வீரன் என்று அதற்குள் பொருள் விரிந்திருக்க வேண்டும்.

ஆகவே பேரில் இராவுத்தர் இருப்பதை மட்டும் வைத்து நான் அறபு வம்சம், துருக்கி வம்சம் என்று வாதாட முடியாது. அந்தப் பேர் பூட்டனாரின் முன்னோர் செய்த தொழிலைச் சொல்லக்கூடும், இரத்தத்தைச் சொல்லாது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் நமக்குப் பக்கத்திலே இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில், செஞ்சிப் பக்கத்துத் திரௌபதை அம்மன் கோயில்களில் காவல் நிற்பவர்களில் ஒருவர் முஸ்லிம் குதிரைவீரர். பேர், முத்தால் ராவுத்தர். அவருக்குப் படைக்கும்போது அவருடைய குதிரைக்கென்று கொள்ளும் வைக்கிறார்கள்.