கதிர்காம நடைக்குத் துணை போகிறவர்களுக்கு

வைகாசி கழிந்தால் மட்டக்களப்பு வாவிக்கரையில் கச்சான் காற்று உறைக்கத் தொடங்கிவிடும். அந்த வறண்ட காற்றுக் காலத்தில்தான் யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்ட கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் வெருகலைக் கடந்து எங்கள் மாவட்டத்துக்குள் வருகிறார்கள். சித்தாண்டி, மாமாங்கம், கொக்கட்டிச்சோலை, மண்டூர் என்று கோயில் கோயிலாகத் தங்கி, திருக்கோவில், பொத்துவில் வழியே உகந்தைக்குப் போகிறார்கள். வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்து பலர் இடையில் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்களோடு சாமான் வண்டியில் துணை போக நினைக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாட்வாட்டர் என்றொரு ஓட்டப்போட்டி உண்டு. ஜூலை மாத வெயிலில், கடல் மட்டத்துக்கு 85 மீட்டர் கீழே கிடக்கும் பாலைவனப் பள்ளத்தில் தொடங்கி 217 கிலோமீட்டர் ஓட வேண்டும். அங்கே துணைக்குழு இல்லாதவரை ஓடவே விடமாட்டார்கள். குழுவினர் வண்டியில் சிறிது தூரம் முன்னால் போய்க் காத்திருப்பார்கள். ஓடுபவர் வந்ததும் தண்ணீர், ஐஸ், உணவு கொடுத்துவிட்டு மறுபடி முன்னால் போவார்கள். பக்திக்கும் பந்தயத்துக்கும் வெகுதூரம் என்றாலும், வெயில் மனித உடம்பைப் படுத்தும் பாடு இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, சூடு ஏறினால் காலுக்கு முன்னால் நிதானம் தளரலாம் என்பது. ஆகவே “சாமி, சுகமா இருக்கிறீங்களா?” என்று கேட்டுப் பயனில்லை. முருகன் பேரைச் சொல்லி நடப்பவர் சுகம் என்றுதான் சொல்வார். கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன நிறம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், இப்போது நிற்பது எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால், நடை தள்ளாடினால், வழக்கமாகக் கலகலப்பாக இருப்பவர் காரணமின்றிச் சீறினால் அவரை உடனே நிழலில் இருத்துங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நல்ல மனசுக்காரர்களே தவறு செய்கிறார்கள். பந்தலுக்குப் பந்தல் வெறும் தண்ணீரைச் செம்பு செம்பாக வற்புறுத்திக் குடிக்க வைத்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும். தலையிடி, சத்தி, விரல் வீங்கி மோதிரம் இறுகுதல் எல்லாம் அதன் அறிகுறிகள். பார்ப்பவர் களைப்பென்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார், நிலைமை மோசமாகும். தாகத்துக்குக் குடித்தால் போதும். கூடவே உப்புப் போட்ட கஞ்சி, மோர், உப்பும் சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர் கொடுங்கள். வயிற்றோட்டம் கண்டவருக்கு ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் வேண்டும். ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் என்ற கணக்கு முக்கியம். அதை ஒரு கிளாசில் கரைத்துக் கொடுப்பது கெடுதல்.

நடப்பவர்களில் வயதானவர்கள் நிறையப் பேர். யாருக்குச் சீனி வருத்தம், யாருக்குப் பிரஷர், என்ன குளிசை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சிறுநீரைக் கூட்டும் பிரஷர் குளிசை எடுப்பவர்கள் வெயிலில் சுருக்காக வாடிவிடுவார்கள். புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். இன்சுலின் கொண்டுவருபவருக்கு, ஈரமண் நிரப்பிய சட்டிக்குள் இன்னொரு சிறிய சட்டியை வைத்து, நனையாதபடி சுற்றிய மருந்தை அதற்குள் வைத்து ஈரத்துணியால் மூடினால் ஓரளவு குளிர்ச்சி நிற்கும்.

பலர் வெறுங்காலோடு நடப்பார்கள். மத்தியானத் தார் ரோட்டில் நின்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறுமுன் ஒரு மர நிழலை அடைவது போலத் தங்குமிடங்களைத் திட்டமிடுவது துணைக்குழுவின் வேலை. பின்நேரம் வெயில் தாழ்ந்ததும் மீண்டும் நடக்கலாம். மாலையில் டோர்ச் அடித்து எல்லாருடைய உள்ளங்காலையும் பாருங்கள். இதில் கூச்சம் வேண்டாம். சீனி வருத்தக்காரருக்கு முள் குத்தியிருப்பதே தெரியாமல் போகலாம். கொப்புளத் தோலைப் பிய்க்காதீர்கள், அதுதான் உள்ளே இருக்கும் புண்ணுக்குக் கவசம். கழுவி, துடைத்து, சுத்தமான சீலையால் கட்டினால் போதும்.

ஒருவர் உடம்பு கொதித்து, புத்தி தடுமாறி விழுந்தால் அது வெப்ப அதிர்ச்சி. வியர்வை இருந்தாலும் ஏமாறாதீர்கள். 1990 என்ற இலக்கத்தில் ஒருவர் அம்புலன்ஸை அழைக்க, மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்க வேண்டும். பக்கத்துக் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி உடம்பு முழுக்க ஊற்றுங்கள், ஈரச்சாரத்தைப் போர்த்தி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அம்புலன்ஸ் வரும்வரை கை கட்டி நிற்கும் நிமிடங்களில்தான் உயிர் போகிறது.

உகந்தையோடு எங்கள் வண்டி நின்றுவிடும். அதன்பின் குமணக் காடு, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று யால காட்டுக்குள் பல நாள் நடை. குறிக்கப்பட்ட நாட்களில் மட்டுமே காட்டுப்பாதை திறக்கும். சில இடங்களில் தண்ணீர் வைத்திருப்பார்கள், ஆனால் யானையும் கரடியும் உலவும் காட்டில் வைத்தியசாலை இல்லை. யார் காட்டுக்குள் போகக் கூடாது என்ற முடிவை உகந்தையிலேயே எடுத்துவிட வேண்டும். எத்தகைய நிலையில் நிறுத்துவோம் என்பதை, எல்லாரும் தெளிவாக இருக்கும்போதே, மண்டூரில் தங்கும் இரவில் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். நேர்த்தி வைத்து இத்தனை தூரம் வந்த ஒரு அம்மாவிடம் “போக வேண்டாம்” என்று சொல்வது நெஞ்சை அறுக்கும் காரியம். அப்படியும் சொல்லத்தான் வேண்டும். மொனராகலை வழியாக பஸ்ஸில் போனாலும் அவர் கதிர்காமத்தில் தீர்த்தம் ஆடலாம்.

அவரைத் தனியே பஸ் ஏற்றி விடாதீர்கள். உங்களில் ஒருவர் கூடப் போங்கள்.