ஒளியை உணரும் அச்சு

தாளில் எழுத்தும் படமும் அச்சேறுவதையே நாம் கண்டிருக்கிறோம். இன்றோ ஒளியை உணரும் மின்கருவியையும் வளையும் பிளாஸ்டிக் தாளில் அச்சிடுகின்றனர்.

சிலிக்கான் கருவிகளை ஆக்கும்போது ஏறத்தாழ 1000 பாகை வெப்பம் வரை ஏற்ற வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் அதைத் தாங்குமா? ஆகவே ஒளியுணரும் பொருளைக் கரைத்து மையாக்கினர். பிளாஸ்டிக் இனப் பொருளும் மின்சாரம் கடத்தும் என்று 1977இல் காட்டிய ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவரும் 2000இல் நோபல் பரிசு பெற்றனர். அம்மரபில் வந்ததே இம்மை.

இதில் இரு பொருள்கள் கலந்துள்ளன. ஒளி பட்டதும் ஒன்று எலெக்ட்ரானைக் கொடுக்கும், மற்றது ஏற்கும், மின்னோட்டம் பிறக்கும். 2013இல் பிரான்சின் ஐசார்க்கும் பிரிட்டனின் பிளாஸ்டிக் லாஜிக்கும் 4 செ.மீ. சதுரத்தில் 8,930 புள்ளிகள் கொண்ட உணர்தாளைச் செய்து காட்டின.

காற்றும் ஈரமும் புகுந்தால் மையின் உணர்வு மங்கிவிடும். அச்சிடுவதைவிட, வளைத்தாலும் விரிசல் காணாத உறையிட்டு மூடுவதே அரிய வேலை என்பேன்.