இணையதள மென்பொருளின் புதிய பெரும்பதிப்பு: மாறுவதற்கு முன் செய்ய வேண்டியவை என்னென்ன?

வரதய்யபாளையம்: இணையதளங்களை இயக்கும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் புதிய பெரும்பதிப்பு வெளியாகும்போது, தள உரிமையாளர்கள் இருவகை ஆபத்துகளை எதிர்கொள்கின்றனர். முன்னேற்பாடின்றி மாறினால் தளம் முடங்கக்கூடும். மாறாமலே இருந்தால், பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத பழைய மென்பொருள் ஊடுருவல்காரர்களுக்கு வழிவிடும். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழிமுறைகளை இத்தொகுப்பு விளக்குகிறது.

ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தின் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரவியுள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரம், சென்னைக்கு வடக்கே சுமார் 55 கி.மீ. தொலைவில் உள்ளது. இத்தகைய தொழிற்பகுதிகளைச் சுற்றியுள்ள சிறு நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இன்று இணையதளம் தேவைப்படுகிறது. ஆனால், அதைப் பராமரிக்கத் தனிப் பணியாளரை நியமிக்கும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை. முன்னேற்பாடு மிகவும் தேவைப்படுவதும் இத்தகைய தளங்களுக்கே.

ஏழு மணி நேர அவகாசம்

உலக இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகின்றன. அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள் போன்ற பெரிய அமைப்புகள் பலவும் ட்ரூபல் மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. இரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள். இவற்றின் நிரல் வரிகளை எவரும் படிக்கலாம் என்பதால், ஒரு பிழைக்கான திருத்தம் வெளியானவுடன், அந்தப் பிழை எங்கே இருந்தது என்பதும் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது.

2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7 பதிப்பில் இருந்த கடுமையான பாதுகாப்புக் குறைபாட்டுக்குத் திருத்தம் வெளியிடப்பட்டது. சில மணி நேரத்தில் தாக்குதல்கள் தொடங்கின. அறிவிப்பு வெளியான 7 மணி நேரத்துக்குள் திருத்தப்படாத ஒவ்வொரு ட்ரூபல் 7 தளமும் ஊடுருவப்பட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழு அக்டோபர் 29 அன்று எச்சரித்தது. இந்திய நேரப்படி அந்த அவகாசம் அக்டோபர் 15 இரவு 9.30 மணிக்குத் தொடங்கி, மறுநாள் அதிகாலை 4.30 மணிக்கு முடிந்துவிட்டது. இந்தியாவில் பெரும்பாலானோர் உறங்கும் வேளை அது.

அச்சம் ஊட்டிய 'ஜென்' எழுத்து

2018 மார்ச் 28 அன்று ட்ரூபலில் மற்றொரு கடுமையான குறைபாட்டுக்குத் திருத்தம் வந்தது. இம்முறை ஒரு வாரத்துக்கு முன்பே முன்னறிவிப்பு தரப்பட்டது. அதற்கு அடுத்த வாரம், ஏப்ரல் 6 அன்று, இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளம் முடங்கி, முகப்பில் சீன எழுத்து ஒன்று தோன்றியது. தளம் ஊடுருவப்பட்டதாகவும் நடவடிக்கை தொடங்கப்பட்டதாகவும் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் தெரிவித்தார். மேலும் சில மத்திய அரசுத் தளங்களும் அன்று செயலிழந்தன.

பின்னர், இது ஊடுருவல் அல்ல, வன்பொருள் கோளாறு என்று தேசிய இணையப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த குல்ஷன் ராய் விளக்கமளித்தார். திரையில் தோன்றியது 'ஜென்' என்ற சொல்லைக் குறிக்கும் எழுத்து. ட்ரூபலுக்கான 'ஜென்' என்னும் வடிவமைப்புத் தொகுப்பின் இயல்புச் சின்னம் அது. தளத்துக்குரிய அமைப்புகளும் படங்களும் கிடைக்காதபோது இத்தகைய இயல்புச் சின்னம் வெளிப்படுவது வழக்கம். தங்கள் தளம் எந்தெந்த உறுப்புகளால் ஆனது என்ற பட்டியல் கையில் இருந்தால், கோளாறையும் ஊடுருவலையும் விரைவில் பிரித்தறியலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

சிறு திருத்தமும் பெரும்பதிப்பும்

சிறு திருத்தங்கள் பிழைகளையும் பாதுகாப்புக் குறைகளையும் மட்டுமே சரிசெய்கின்றன. வேர்ட்பிரஸ் 2013-இல் வெளியான 3.7 பதிப்பு முதல் இவற்றைத் தானாகவே நிறுவிக்கொள்கிறது. பெரும்பதிப்புகளிலோ மென்பொருளின் அடிப்படை அமைப்பே மாறக்கூடும். 2015 நவம்பரில் வெளியான ட்ரூபல் 8 பெருமளவு புதிதாக எழுதப்பட்டது. ஆகவே, ட்ரூபல் 7 தளங்கள் உள்ளடக்கம் முழுவதையும் புதிய தளத்துக்கு இடம்பெயர்க்க வேண்டியிருந்தது. இதனால் பலர் தயங்கினர். ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2021 நவம்பரில் முடிவதாக இருந்து, பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜனவரி 5 அன்று நிறைவடைந்தது.

வேர்ட்பிரஸிலும் இத்தகைய அனுபவம் உண்டு. 2020 ஆகஸ்ட் மாதம் வெளியான 5.5 பதிப்பில், பழைய நிரல்களைத் தாங்கிப் பிடித்த ஜேகுவெரி மைக்ரேட் என்ற துணைக்கருவி நீக்கப்பட்டது. பழைய தீம்களையும் பிளக்இன்களையும் நம்பியிருந்த தளங்கள் பலவற்றில் பட்டியல்களும் படக்காட்சிகளும் இயங்காமல் போயின.

முதற்படி: இருப்புப் பட்டியல்

முதலில் மென்பொருளின் பதிப்பு, பயன்பாட்டிலுள்ள தீம், ஒவ்வொரு பிளக்இன், சர்வரில் உள்ள பிஎச்பி மொழியின் பதிப்பு ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். வேர்ட்பிரஸில் 'தள நலம்' பக்கமும், ட்ரூபலில் 'அப்கிரேட் ஸ்டேட்டஸ்' என்ற கூடுதல் தொகுப்பும் இதற்கு உதவும். பயன்படுத்தாத பிளக்இன்களை நீக்க வேண்டும். நீண்டகாலமாகப் புதுப்பிக்கப்படாதவற்றுக்கு மாற்று தேட வேண்டும்.

சர்வரையும் கவனிப்பது அவசியம். 2024 ஜூலையில் வெளியான வேர்ட்பிரஸ் 6.6, பிஎச்பி 7.0, 7.1 பதிப்புகளுக்கான ஆதரவைக் கைவிட்டது. ட்ரூபல் 11-க்கு பிஎச்பி 8.3 தேவை.

இரண்டாம் படி: மீட்டுப் பார்த்த காப்புநகல்

படங்களும் நிரல்களும் அடங்கிய கோப்புகள், கட்டுரைகளும் பயனர் விவரங்களும் அடங்கிய தரவுத்தளம் ஆகிய இரண்டையும் ஒரே நேரத்தில் நகலெடுக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் தளத்தை முழுமையாக மீட்க இயலாது. நகலை அதே சர்வரில் வைத்தால், சர்வர் பழுதாகும்போது நகலும் அழியக்கூடும். எனவே, ஒரு பிரதியையாவது வேறிடத்தில் வைப்பது பாதுகாப்பானது. அந்த நகலிலிருந்து தளத்தை ஒருமுறை மீட்டுப் பார்த்த பின்னரே அதை நம்பலாம்.

மூன்றாம் படி: ஒத்திகைத் தளம்

மீட்கப்பட்ட அந்தத் தளத்தையே ஒத்திகைக்குப் பயன்படுத்தலாம். அதைக் கடவுச்சொல்லால் பூட்டி, தேடுபொறிகளின் பார்வையில் படாமல் வைக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் செல்லாதவாறும் நிறுத்திவைக்க வேண்டும். பின்னர் அதில் புதிய பதிப்பை நிறுவி, உள்நுழைவு, தேடல், விண்ணப்பப் படிவம், கட்டணம் செலுத்தும் பக்கம், கைப்பேசித் தோற்றம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

தமிழ்த் தளங்களுக்குக் கூடுதல் சோதனை ஒன்று உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம் இடம்பெயர்ப்பின்போது தவறாகக் குறிக்கப்பட்டால், எழுத்துகள் கேள்விக்குறிகளாகவோ பொருளற்ற குறிகளாகவோ மாறிவிடும். ஒருங்குறிக்கு முந்தைய டிஸ்கி, டேப் போன்ற குறியாக்கங்களில் பதிவான பழைய பக்கங்களை முன்னதாகவே ஒருங்குறிக்கு மாற்றுவது நல்லது.

நான்காம் படி: முகவரிகளும் திரும்பும் வழியும்

இடம்பெயர்ப்பில் பக்கங்களின் இணைய முகவரிகள் மாறினால், பழைய இணைப்புகள் செயலிழக்கும். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தில் இருந்த வரதய்யபாளையம் மண்டலம் புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனாலும், பழைய மாவட்டப் பெயருடன் தேடுவோர் இருக்கவே செய்வர். இணையப் பக்கங்களுக்கும் இது பொருந்தும். பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாட்டை மாற்றத்துக்கு முன்பே பட்டியலிட்டு வைக்க வேண்டும்.

பார்வையாளர் குறைவாக வரும் நேரத்தை மாற்றத்துக்குத் தேர்வு செய்யலாம். அதற்கு முன் புதிய பதிவுகளை நிறுத்தி, கடைசிக் காப்புநகல் எடுக்க வேண்டும். எவ்வளவு நேரத்துக்குள் பழுது சரியாகாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது, அதை முடிவு செய்பவர் யார் என்பதையும் எழுதி வைப்பது நல்லது. மாற்றத்துக்குப் பின் சில நாள்கள் பிழைப் பதிவேட்டைக் கண்காணிக்க வேண்டும்.

தளத்தை வடிவமைத்தவரிடம் மட்டுமே கடவுச்சொற்கள் இருந்தால், இந்தப் படிகள் எதையும் தொடங்க முடியாது. எனவே, டொமைன் பதிவு, சர்வர், நிர்வாகக் கணக்கு ஆகிய மூன்றின் உரிமையும் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்பதைத் தள உரிமையாளர்கள் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.